டாக்டர் அம்மா பதில்கள்: உங்களைத் தெரிந்த ஓர் ஆள்

போன இதழில் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் என்ற அமெரிக்க மருத்துவரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு எத்தனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் என்று சொன்னதோடு நிறுத்திவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதப் பக்கம் அந்தக் கடிதங்களுக்கே. முழங்கால் வலி, முடி உதிர்வு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். டாக்டராக வேண்டும் என்று ஆசை. வீட்டில், "படித்தால் சர்ஜனாகணும், இல்லாவிட்டால் ஹார்ட் டாக்டராகணும்" என்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்தப் பெண்மணி கத்தியும் எடுக்கவில்லை, புது மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன?
- மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், அதைச் சொல்வதென்றால் பாயை நனைக்கும் பிள்ளைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டார்ஃபீல்ட் 1932இல் நியூயோர்க் நகரத்தின் புரூக்ளினில் பிறந்தவர். 1959இல் மருத்துவப் பட்டம் எடுத்தார். பிறகு பல்டிமோரில் இருக்கும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் குழந்தை மருத்துவம் பயின்று, 1963இல் அங்கேயே பொதுச் சுகாதாரத்திலும் பட்டம் வாங்கினார். அவருடைய வேலைக்காலம் முழுவதும் அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான் போனது. தொடக்கத்தில் அவர் ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று, இரவில் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் சிறுநீர்ப்பை எவ்வளவு தாங்குகிறது, மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து பார்த்து 1967இல் எழுதினார்.

பெரிய பெயர் வாங்கித் தரும் விஷயமா அது? இல்லை. ஆனால் தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவில் நாலு பிள்ளைகள் ஒரே பாயில் படுக்கும்போது, அதில் ஒன்று பாயை நனைத்தால் விடிந்ததும் அதற்கு என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடி விழும். பட்டப்பெயர் வைப்பார்கள். பள்ளிக்கூடம் போகவே அந்தப் பிள்ளை கூசும். இந்த மாதிரிக் குறையைச் சொல்லிக்கொண்டு யாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற மாட்டார்கள். பக்கத்தில், தெரிந்த ஒருவர் இருந்தால்தான் தாய் வாயைத் திறப்பாள். சாதாரண ஜனங்களுக்கு சாதாரணமாக வரும் வருத்தங்களில்தான் அவருக்குக் கடைசி வரை அக்கறை இருந்தது.

அப்புறம் அவர் வேறொரு கேள்விக்குப் போனார். ஒரு நோயாளிக்கு முதல் முறை கண்டுபிடித்த பிரச்சினை, அவர் திரும்பி வரும்போது கவனிக்கப்படுகிறதா? சக ஆய்வாளர்களோடு சேர்ந்து நோயாளிப் பதிவேடுகளைப் பார்த்து 1976இல் முடிவை வெளியிட்டார். இரண்டு தடவையும் ஒரே ஆள் பார்த்திருந்தால், முதல் முறை கண்ட பிரச்சினை அடுத்த முறை விடுபடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்பாய். தெரிந்திருந்தாலும், எழுத்தில் நிரூபித்துக் காட்டாத வரைக்கும் எந்த அமைச்சும் அதற்காகப் பணம் ஒதுக்காது.

1981இல் வெளிவந்த ஆய்வுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. "உனக்கு என்ன பிரச்சினை?" என்று நோயாளியிடம் தனியாகக் கேட்டார்கள். "இவருக்கு என்ன பிரச்சினை?" என்று மருத்துவரிடமும் தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போன இடங்களில், தங்களுக்குக் குணமானதாக நோயாளிகள் கூடுதலாகச் சொன்னார்கள். மருந்து ஒருபக்கம் இருக்கட்டும். தன் வருத்தம் இன்னதென்று இருவரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்வதே சுகத்துக்கு உதவுகிறது.

இதை நம் மலையகத்தில் வைத்துப் பார், மகள். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் ஓபிடி வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மார். அறைக்குள் இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் "நெஞ்சுக்குள்ள படபடன்னு அடிக்குது, மக வெளிநாடு போனதிலயிருந்து" என்று ஒரு தாய் சொல்வதில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது "நெஞ்சு" என்ற ஒரு சொல் மட்டும். ஈசிஜி எடுப்பார்கள். ஒன்றுமில்லை என்று இரண்டு பனடோல் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த வாரமும் அதே தாய் அதே வரிசையில் நிற்பாள். பிரச்சினை இன்னதென்பதில் இருவரும் ஒத்துப்போகவே இல்லை. அந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு அந்த வரிசைதான் கண்ணுக்குள் நின்றது.

ஆகவே வீட்டில் சொல்லு: சர்ஜனும் வேண்டும், ஹார்ட் டாக்டரும் வேண்டும். ஆனால் உன் தாய் பேசும் பேச்சு விளங்குகிற, நாலைந்து வருஷமாவது ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிற டாக்டர்தான் நம் மலைகளுக்கு மிகவும் குறைவு. அது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கேள்வி: ஆரம்ப சுகாதாரம் என்றால் சின்ன வருத்தங்களுக்கான சின்ன ஆஸ்பத்திரி என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது சரிதானா?
- ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: போதாது, டீச்சர். கட்டிடத்தின் அளவை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஸ்டார்ஃபீல்ட் 1992இலும் 1998இலும் எழுதிய இரண்டு பெரிய நூல்களில் இதைத்தான் தெளிவாக்கினார். அவர் நாலு குணங்களைச் சொல்கிறார். எந்த வருத்தமானாலும் முதலில் போகும் இடமாக அது இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே ஆளிடம் போகக் கூடியதாக இருக்க வேண்டும். பொதுவாக வரக்கூடிய எல்லாத் தேவைகளையும் அங்கேயே பார்க்க வேண்டும். வேறிடத்துக்கு அனுப்பினால், அங்கே என்ன நடந்தது என்று தெரிந்து வைத்திருந்து தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

நாலாவது குணத்தில் நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். சீனி வருத்தத்துக்கு ஓரிடத்தில் கிளினிக், பிரஷருக்கு இன்னோரிடம், கண்ணுக்குக் கண்டி. மூன்று கொப்பிகள். மூன்றையும் சேர்த்து வாசிக்க ஓர் ஆள் இல்லை. ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த பாட்டிமாரை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குணங்களை அளக்க அவர் ஒரு கேள்விக்கொத்தும் உருவாக்கினார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகள் அவை. புதிதாக ஒரு வருத்தம் வந்தால் முதலில் அங்கேதான் போவீர்களா? போகிற ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் பார்க்கிறாரா? வருத்தத்தைத் தவிர, உங்களை ஒரு மனுஷியாக அவருக்குத் தெரியுமா? இந்த மாதிரியான கேள்விகள். இது பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. பிரேசில் நாடு 1994இல் குடும்ப சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கி, ஒரு டாக்டர், ஒரு தாதி, வீடு வீடாகப் போகும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் என்று குழுக்களாக மக்களுக்குப் பொறுப்புக் கொடுத்தது. அந்தச் சேவை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்விக்கொத்தைத்தான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் இந்த மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள், டீச்சர். வரும் பதில்களை எனக்கும் அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: ஒரே டாக்டரிடம் போவதால் உயிர் பிழைக்கும் என்பதை எப்படிக் கணக்குப் பண்ணினார்கள்? நம்பக் கஷ்டமாக இருக்கிறது.
- ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், பண்டாரவளை

பதில்: ஐயா, சந்தேகப்படுவது நல்லது. அவரிடமும் பலர் இதைக் கேட்டார்கள்.

ஒரு நோயாளியை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. நாடுகளை ஒப்பிட வேண்டும். 1991இல் அவர் பத்துப் பணக்கார நாடுகளை எடுத்து, ஆரம்ப சுகாதாரம் எங்கே பலமாக இருக்கிறது, எங்கே பலவீனமாக இருக்கிறது என்று புள்ளி போட்டார். பிறகு ஜேம்ஸ் மசின்கோ, லெயு ஷி ஆகியோருடன் சேர்ந்து 18 நாடுகளின் 1970 முதல் 1998 வரையான இறப்புக் கணக்கைப் பார்த்தார். அது 2003இல் வெளிவந்தது. ஆரம்ப சுகாதாரம் பலமான நாடுகளில் அகால மரணம் குறைவு. ஆஸ்துமா, நெஞ்சுச் சளி, நிமோனியா, இருதய வருத்தம் ஆகியவற்றால் வரும் அகால மரணங்களிலும் இதே வித்தியாசம் தெரிந்தது. நாட்டின் வருமானம், எத்தனை டாக்டர்கள், எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது.

அமெரிக்காவுக்குள் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2007இல் இன்னொரு கணக்கும் போட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார மருத்துவர் கூடுதலாக இருந்தால், இறப்பு சராசரியாக ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருக்கும் இடங்களில் இந்த உதவி இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்றும் அவர்கள் ஆய்வுகள் காட்டின.

ஆஸ்துமா என்றதும் என் அம்மா ஞாபகம். அவருக்கு இளைப்பு இருந்தது. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு டிஸ்பென்சர் ஐயா இருந்தார். மிக்ஸ்சர் வாங்க வீட்டிலிருந்து போத்தல் கழுவிக்கொண்டு போக வேண்டிய காலம் அது. மருந்து அலமாரியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் உச்சி மலையில் பனி இறங்கும் மாதங்களில் அம்மாவை அங்கே கொழுந்துக்கு அனுப்பினால் மூன்றாம் நாள் மூச்சு வாங்கும் என்பது அவருக்குத் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே கணக்கப்பிள்ளைக்கு ஒரு துண்டு எழுதி அனுப்புவார், "இவரைக் கீழ் மலையில் போடவும்" என்று. அந்தத் துண்டுக்குச் செலவு ஒன்றுமில்லை. அம்மா வேலை செய்து ஓய்வு பெற்று, பேரப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் போனார். 18 நாடுகளின் கணக்கில் ஆஸ்துமா என்ற வரியை வாசித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை, ஐயா. சரிதான் என்று தோன்றியது.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அவர் எதிரியா? அமெரிக்காவில் வைத்தியத்தால்தான் ஜனங்கள் சாகிறார்கள் என்று அவர் எழுதியதாக ஒரு காணொளியில் பார்த்தேன்.
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, காணொளியில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க சுகாதாரம் உலகத்தில் சிறந்ததுதானா என்று கேட்டது அந்தக் கட்டுரை. அதுவரை வெளியான மதிப்பீடுகளைக் கூட்டிப் பார்த்து, வருஷத்துக்கு சுமார் 2,25,000 மரணங்கள் சிகிச்சையோடு தொடர்புள்ளவை என்றார். அதில் பெரிய பங்கு, 1,06,000, பிழை எதுவும் இல்லாமல் கொடுத்த மருந்துகளின் பக்க விளைவு. ஆஸ்பத்திரியில் தொற்றியவை 80,000. தேவையில்லாத சத்திரசிகிச்சை 12,000. 13 நாடுகளை ஒப்பிட்டதில் அமெரிக்காவுக்குச் சராசரியாகக் கிடைத்த இடம் கடைசிக்கு முந்தினது என்பதையும் அதே கட்டுரை சொன்னது.

வைத்தியமே வேண்டாம் என்பதற்காக அவர் இதை எழுதவில்லை. அவரே டாக்டர். தேவைக்கு மேல் பரிசோதனை, தேவைக்கு மேல் மருந்து, இரண்டும் ஆளைத் தெரியாத இடத்தில்தான் கூடுகின்றன என்பது அவருடைய வாதம். உன்னைத் தெரிந்த டாக்டர் இது வேண்டாம் என்று சொல்லத் துணிவார். முன்பின் தெரியாதவர் பயத்தில் எல்லாவற்றையும் எழுதித் தருவார். இந்தக் கட்டுரையைக் காட்டி, "இங்கிலீஷ் மருந்தே விஷம், என் சூரணத்தை வாங்கு" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் அப்பாவின் பிரஷர் மாத்திரையை யாராவது இப்படி நிறுத்தச் சொன்னால் தயவு செய்து கேட்காதே.

கேள்வி: பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் த்ரீவீல் பிடித்து நேரே நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுவோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தும் இல்லை என்கிறார்கள். நாங்கள் செய்வது பிழையா?
- இரண்டு பிள்ளைகளின் தாய், இராகலை

பதில்: பிழை என்று சொல்ல மாட்டேன் மகள். பயந்த தாய்க்கு வழி தெரியும் இடத்துக்குத்தான் கால் போகும். நம் நாட்டில் யாரும் எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம், இன்னொரு டாக்டரின் துண்டு கேட்பதில்லை. காசும் இல்லை. அது பெரிய உரிமை. ஆனால் அதனால்தான் எல்லாரும் பெரிய இடத்துக்கே போய், அங்கே இரண்டு நிமிஷம் கூடக் கிடைக்காமல் திரும்புகிறோம்.

முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பாலோ தண்ணீரோ குடிக்கவே முடியாமல் இருந்தால், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனால், வேகமாக மூச்சு விட்டு விலாப்பக்கம் உள்ளே இழுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

மற்ற நாட்களில் பக்கத்தில் இருக்கும் பிரதேச வைத்தியசாலைக்கே போய்ப் பழகுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எப்போதும் கையோடு கொண்டு போங்கள். போட்ட ஊசி, ஏறிய நிறை, முன்பு வந்த வருத்தம் எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் மாறினாலும் அந்தப் புத்தகம் பிள்ளையைப் பற்றிச் சொல்லும். மருந்து இல்லை என்று சொன்னால், எந்த மருந்து இல்லை என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில் அது எதற்கு என்று வரும்.

கேள்வி: "எல்லாருக்கும் சுகாதாரம்" என்று 2000ஆம் ஆண்டைக் குறித்து எங்கள் பள்ளிக்காலத்தில் சுவரொட்டிகள் பார்த்த ஞாபகம். அது என்னவாயிற்று? ஸ்டார்ஃபீல்டும் அதில் இருந்தாரா?
- வாசகி, கொட்டகலை

பதில்: அது 1978 செப்டெம்பரில் அன்றைய சோவியத் கசகஸ்தானின் அல்மா ஆட்டா நகரத்தில் நடந்த மாநாட்டில் வந்தது. 134 நாடுகள் கூடின. உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அப்போது தலைமை தாங்கியவர் ஹாஃப்டன் மாலர் என்ற டென்மார்க்காரர். 1950களில் இந்தியாவில் காசநோய் வேலை செய்தவர். தலைநகர ஆஸ்பத்திரிகளுக்குக் கொட்டும் பணம் கிராமத்துக்கு வராது என்பதை அங்கே கண்ணால் பார்த்தவர்.

அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் உழைத்தவர்களில் கார்ல் டெய்லரும் ஒருவர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் சர்வதேச சுகாதாரத் துறையை உருவாக்கியவர். அவர் பிறந்தது 1916இல், இமயமலை அடிவாரத்து முசூரிப் பக்கத்தில். மலையில் பிறந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம். பஞ்சாபில் நாரங்வால் என்ற கிராமத்தை மையமாக வைத்து, கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய் பிள்ளைகளின் நிமோனியாவையும் வயிற்றோட்டத்தையும் கவனிக்க முடியும் என்று காட்டினார். அவரிடம் படித்த ராஜனிகாந்த், மேபல் அரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிராவின் ஜாம்கெட்டில் தொடங்கிய வேலை இன்றும் பேசப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஊர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள்.

பிறகு என்ன நடந்தது? அடுத்த வருஷமே, எல்லாவற்றையும் செய்யப் பணம் இல்லை, தடுப்பூசி, வயிற்றோட்டத்துக்கு உப்புச் சீனிக் கரைசல் போன்ற சிலதை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்வோம் என்ற யோசனை வந்தது. அதனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு மனிதரை முழுதாகப் பார்க்கிற இடம் என்ற எண்ணம் பின்னுக்குப் போனது. ஸ்டார்ஃபீல்ட் அல்மா ஆட்டா பிரகடனத்தை எழுதியவர் அல்ல. அந்த எண்ணம் மங்கிய காலத்தில், அது நல்லெண்ணம் மட்டுமில்லை, அதற்கு ஆதாரமும் இருக்கிறது என்று கணக்கோடு நிறுவிக் காட்டியவர் அவர். 1994இல் இங்கிலாந்தின் லான்செட் சஞ்சிகையில் ஆரம்ப சுகாதாரம் அத்தியாவசியம்தானா என்ற கேள்வியை எடுத்து எழுதினார். சுகாதாரத்தில் சமத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் ஒன்றை அமைப்பதில் முன்னின்று, அதன் முதல் தலைவராகவும் இருந்தார். 2011 ஜூன் 10ஆம் தேதி கலிபோர்னியாவில் நீந்திக்கொண்டிருக்கும்போது இறந்தார். வயது 78. அது வரைக்கும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

கேள்வி: நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்களா?
- மாணவர், ஹாலி எல

பதில்: இல்லை மகன். அவர் எழுதியதை வாசித்ததுதான்.

கேள்வி: தோட்டப் பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். மழையில் மேடு ஏறி லயம் லயமாகப் போகிறேன். ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு இருக்கும் மதிப்பு எங்களுக்கு இல்லை. எங்கள் வேலையும் இந்தப் பெரிய ஆராய்ச்சியில் வருமா?
- மிட்வைஃப், நோர்வூட்

பதில்: வருமாவா! உங்கள் வேலைதான் அது, மகள்.

1926இல் களுத்துறையில் இந்த நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ராக்பெல்லர் மன்றம் உதவியது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதிமார், மருத்துவிச்சிகள், இவர்களுக்கென்று எல்லை பிரித்த ஒரு பிரதேசம். அங்கே வருத்தம் வந்தவரை மட்டுமல்ல, அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டார்ஃபீல்ட் பிறப்பதற்கு ஆறு வருஷத்துக்கு முன்பே நாம் அதைச் செய்யத் தொடங்கிவிட்டோம். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த வருஷங்கள் உண்டு. 2010களில் அது முப்பதுகளுக்கு இறங்கிவிட்டது. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, இலவச ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்குப் போனவர் மருத்துவிச்சி. 1985இல் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று உலகம் நாலைச் சொன்னது: சீனா, கொஸ்டாரிகா, கேரளா, இலங்கை.

அந்தப் பெருமையில் நம் தோட்டங்களுக்குச் சரியான பங்கு கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கியது. கிராமங்களுக்கு அரசாங்க மருத்துவிச்சி போன காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டத்து ஆள்தான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் தேசிய சேவை மெதுவாக மலை ஏறியது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு எடுக்கத் தொடங்கியது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. பிள்ளைகளின் நிறை, உயரம் என்று எந்தக் கணக்கை எடுத்தாலும் தோட்டப் பகுதி மற்றப் பகுதிகளுக்குப் பின்னால் நிற்கிறது. எங்கள் ஜனங்களின் உடம்பில் குறையில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் போன காலத்தின் பலன் இது. நீங்கள் ஒவ்வொரு லயமாக ஏறுவது அந்தக் காலத்தை ஈடுகட்டத்தான். உங்கள் பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் எனக்குப் பெரியது. மேலிடத்தில் ஒருவரும் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன்: உங்களுக்கு நன்றி.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஜனங்கள் சேர்ந்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் கேட்டு மகஜர் கொடுக்கப் போகிறோம். வார்த்தைகளைச் சரி பார்த்துத் தர முடியுமா?
- தோட்டக் கமிட்டித் தலைவர், டிக்கோயா

பதில்: தலைவர் ஐயா, மகஜரை வாசித்தேன். கையெழுத்துகளையும் கைநாட்டுகளையும் பார்த்து சந்தோஷப்பட்டேன். உங்களோடு கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

ஸ்கேன் மெஷின் வந்தால் அதை இயக்க ஆள் வேண்டும், படத்தை வாசிக்க டாக்டர் வேண்டும், பழுதானால் திருத்த வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஸ்கேன் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நாலாவதாகப் போடுங்கள்.

முதலாவதாக, உங்கள் பகுதியில் குடும்பநல உத்தியோகத்தர் இடம் காலியாக இருந்தால், எவ்வளவு காலமாகக் காலி என்று எழுதி, தமிழ் பேசத் தெரிந்தவரைக் கேளுங்கள். ஒரு மருத்துவிச்சிக்குச் சுமார் 3,000 பேர் என்பது நாட்டின் கணக்கு. உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று லயம் லயமாக எண்ணி எழுதுங்கள். இரண்டாவது, சீனி, பிரஷர் கிளினிக் நாள். கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடுகிறது என்பதால்தான் பாதிப்பேர் மருந்தை நடுவில் விடுகிறார்கள். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒரு கிளினிக் கேளுங்கள். முடியாதென்றால், கிளினிக் கொப்பியைக் காட்டினால் பேர் போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். மூன்றாவது, இல்லாத மருந்துகளின் பட்டியல். இராகலைத் தாய்க்குச் சொன்னதை உங்கள் ஜனங்களுக்கும் சொல்லுங்கள்: எந்தத் தேதியில், எந்த மருந்து, யாருக்குக் கிடைக்கவில்லை. "மருந்தே இல்லை" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

டாக்டர் ஒருவர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போவதையும் சேருங்கள். குறைந்தது இரண்டு வருஷம் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். வருகிறவருக்குத் தோட்டத்தில் இருக்க நல்ல வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதையும் கமிட்டி பார்க்கட்டும். ஆட்கள் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. மகஜரில் கையெழுத்துப் போட்டவர்களில் பெண்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். கிளினிக் வரிசையில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். கொழுந்து மடுவத்தில் நிறுவை முடியும் நேரம் போய், அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். திருத்திய பிரதியைப் பத்திரிகை விலாசத்துக்கே அனுப்புங்கள். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் தனித்தனியே போகும்படி இரண்டு கடிதமாக எழுதித் தருகிறேன். சிங்களப் பிரதியும் சேர்த்துத் தருகிறேன்.